ஹீ ஹா கோஷ்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன மாதம் குடும்ப வாட்ஸப் குழுவில், 'ஹீ ஹா' என்று அமெரிக்க டிவியில் வந்த கன்ட்ரி மியூசிக், காமெடி நிகழ்ச்சியின் பழைய வீடியோத் துண்டு ஒன்றைப் போட்டேன். தொளதொள உடுப்பில் ஒரு தாத்தா பேஞ்சோ என்ற தந்தி வாத்தியத்தை வெளுத்து வாங்குகிறார், பின்னால் சோளக்காடு. வழக்கமாக நான் எதைப் போட்டாலும் கண்டுகொள்ளாத கூட்டம், இதற்கு மட்டும் கேள்வி மேல் கேள்வி. இது என்ன ஊர், அவர் நிஜமாகவே கிழவரா, அந்தம்மா தொப்பியில் ஏன் சீட்டு தொங்குகிறது? தனித்தனியாகப் பதில் தட்டி விரல் தேய்ந்துவிட்டது, அதனால் மொத்தமாக இங்கே எழுதிவிடுகிறேன்.

ஹீ ஹா என்றால் என்ன, பெயரே ஒரு மாதிரி இருக்கிறதே?

கழுதை கத்துகிற சத்தம்தான். நமக்குக் காக்கா 'கா கா' என்றால் அமெரிக்கர்களுக்குக் கழுதை 'ஹீ ஹா'. நிகழ்ச்சி முழுக்க ஒரு கார்ட்டூன் கழுதை அவ்வப்போது வந்து பல்லைக் காட்டிவிட்டுப் போகும். 1969 ஜூன் 15 அன்று சிபிஎஸ் சேனலில் ஆரம்பித்தது. அரசியல் நக்கலால் சேனல்காரர்களோடு முட்டிக்கொண்டே இருந்த ஸ்மதர்ஸ் சகோதரர்களின் நிகழ்ச்சியைத் தூக்கிவிட்டார்கள், காலியான இடத்தைக் கோடைக்காலத்துக்கு மட்டும் நிரப்ப ஏதாவது ஒன்று வேண்டும் என்று போட்டதுதான் இது. ஒரு நட்சத்திரப் பாடகர் வந்து பாடுவார், அடுத்த நொடியே நாலு கடி ஜோக், கொஞ்சம் பேஞ்சோ, பிறகு யாராவது யாரையாவது பலகையால் ஒரு சாத்து, மறுபடி பாட்டு. பத்திரிகை விமர்சகர்கள் காறித் துப்பினார்கள். ஜனங்கள் பார்த்தார்கள். 1992 வரை புதிது புதிதாக எடுத்து 600 எபிசோடுகளைத் தாண்டிவிட்டது.

கன்ட்ரி மியூசிக் என்றால் நம்மூர் நாட்டுப்புறப் பாட்டு மாதிரியா?

வேர் அந்த மாதிரி, மரம் வேறு. ஸ்காட்லாந்து, அயர்லாந்திலிருந்து குடியேறியவர்களின் பிடில் மெட்டுகள், அடிமைகளாகப் பிடித்து வரப்பட்ட ஆப்பிரிக்கர்களோடு வந்த பேஞ்சோ, தேவாலயப் பாட்டு, ப்ளூஸ் எல்லாம் அமெரிக்காவின் தெற்குப் பக்கத்தில் கலந்து கிடந்தன. 1920களில் ரெக்கார்டும் ரேடியோவும் வந்ததும் அது காசு பார்க்கிற தொழிலாகிவிட்டது. டென்னசி மாநிலத்து நாஷ்வில்தான் அதற்குத் தலைநகரம். அங்கே 1925 முதல் ஓடிக்கொண்டிருக்கும் கிராண்ட் ஓல் ஓப்ரி என்ற வானொலி நிகழ்ச்சியின் மேடையில் ஏறினால்தான் ஒருவர் பெரிய ஆள் என்று அர்த்தம். ஹீ ஹாவின் மூத்த தலைகள் பலர் அந்த மேடையில் பல வருஷம் ஊறியவர்கள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

எதற்குச் சோளக்காட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி ஜோக் சொல்கிறார்கள்?

நாம் கடி ஜோக் என்று சொல்வதை ஆங்கிலத்தில் 'கார்னி' என்பார்கள், சோளத்திலிருந்து வந்த சொல். அதனால் கடி ஜோக்குக்குச் சோளக்காடே செட். இரண்டு பேர் கதிருக்கு நடுவிலிருந்து எழுந்து ஒரு கேள்வி, ஒரு பதில், டக்கென்று உள்ளே போய்விடுவார்கள். சில நொடிதான். ஜோக் மொக்கை என்று நாம் முடிவு செய்வதற்குள் அடுத்த ஆள் எழுந்திருப்பார். இந்த வேகம் ஹீ ஹாவுடைய கண்டுபிடிப்பு இல்லை; அப்போது என்பிசியில் சக்கைப்போடு போட்ட லாஃப்-இன் நிகழ்ச்சியைப் பார்த்து, அதையே கிராமத்தில் வைத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்ததுதான். லாஃப்-இன்னில் பல வர்ணச் சுவரில் ஜன்னல்கள் திறக்கும், இங்கே சோளம்.

அசல் அமெரிக்க கிராமத்துச் சரக்குதானே?

அங்கேதான் வேடிக்கை. யோசித்த இருவரும், ஃபிராங்க் பெப்பியாட், ஜான் எயில்ஸ்வொர்த், கனடாக்காரர்கள். அவர்கள் கம்பெனிக்கு யங்ஸ்ட்ரீட் என்று பெயர், டொரண்டோவில் இருக்கும் யங் தெருவை வைத்து. கடைக்காரராகவும் குடிகாரப் புருஷனாகவும் வரும் கோர்டி டாப் கனடாக்காரர். சோள ரேடியோவில் செய்தி வாசிக்கும் டான் ஹாரனும் கனடாக்காரர். நடிகை குனில்லா ஹட்டன் பிறந்தது ஸ்வீடனில். தென்மாநிலப் பட்டிக்காடு என்று ஊரே நம்பிப் பார்த்ததில் ஒரு பங்கு டொரண்டோவில் சமைத்தது. ஆனால் பாட்டு விஷயத்தில் கலப்படம் கிடையாது, அது சுத்தமான நாஷ்வில்.

நடுவில் நிற்கும் இரண்டு பேர் யார்? ஒருவர் கிட்டார், ஒருவர் பேஞ்சோ.

பக் ஓவன்ஸ், ராய் கிளார்க். பக் "நான் வாசிக்கிறேன்" என்பார், ராய் "நான் இளிக்கிறேன்" என்பார், பிறகு நாலு வரி வாசித்து, நிறுத்தி, ஒரு ஜோக், மறுபடி வாசிப்பு. நிகழ்ச்சியின் அடையாளமே அதுதான்.

ராய் கிளார்க்கைப் பற்றி நான் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 1933-இல் வர்ஜீனியாவில் மெஹெரின் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். பதின்வயதிலேயே தேசிய பேஞ்சோ போட்டியில் இரண்டு முறை ஜெயித்தவர். கிட்டார், பேஞ்சோ, பிடில், மாண்டலின் எது கையில் கொடுத்தாலும் வாசிப்பார், அதுவும் கண்ணை உருட்டிக்கொண்டு, ஏதோ விரல் தன் பேச்சைக் கேட்காமல் ஓடுவதுபோல் பாவனை செய்துகொண்டே. 'தி ஆட் கப்பிள்' என்ற காமெடித் தொடரில் விருந்தாளியாக வந்து 'மலகேன்யா' என்ற ஸ்பானிய மெட்டை வாசித்திருப்பார், யூடியூபில் கிடைக்கும். நான் முதலில் பார்த்தது அதைத்தான். கோமாளி என்று நினைத்துச் சிரிக்கத் தயாராக உட்கார்ந்தேன், முடியும்போது காபி ஆறிப் போயிருந்தது. ஹீ ஹா ஆரம்பித்த அதே 1969-இல் 'யெஸ்டர்டே வென் ஐ வாஸ் யங்' என்ற சோகப் பாட்டும் அவருக்கு ஹிட். பேஸ்பால் வீரர் மிக்கி மாண்டில் 1995-இல் இறந்தபோது சவ அடக்கத்தில் ராய்தான் அதைப் பாடினார். சனிக்கிழமை சோளக்காட்டில் இளித்த அதே ஆள்.

பக் வேறு ரகம். டெக்சாஸில் பிறந்து, கலிபோர்னியாவில் பேக்கர்ஸ்ஃபீல்ட் என்ற ஊரில் நிலைத்தவர். நாஷ்வில்காரர்கள் பாட்டுக்கு வயலின் கோஷ்டி சேர்த்து இனிப்பாக்கிக்கொண்டிருந்த காலத்தில், எலெக்ட்ரிக் கிட்டாரைக் கீச்சென்று முன்னால் நிறுத்தி ஒரு தனி பாணியையே கொண்டுவந்தவர். முதலிடம் பிடித்த பாட்டுகள் மட்டும் 21. 1965-இல் பீட்டில்ஸ் அவருடைய 'ஆக்ட் நேச்சுரலி'யைப் பாடினார்கள், ரிங்கோ குரலில். அப்பேர்ப்பட்ட ஆள், சிவப்பு வெள்ளை நீலக் கிட்டாரைக் கையில் பிடித்துக்கொண்டு கடி ஜோக் சொன்னார்.

அந்தத் தாத்தாவுக்கு நிஜமாக எத்தனை வயது?

எந்தத் தேதியில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது! கிராண்ட்பா ஜோன்ஸ், நிஜப் பெயர் லூயிஸ் மார்ஷல் ஜோன்ஸ், 1913-இல் கென்டக்கியில் பிறந்தார். 'தாத்தா' ஆனது 1935-இல், 22 வயதில். பாஸ்டன் பக்கம் ராத்திரி கச்சேரி முடித்துவிட்டு விடியற்காலை ரேடியோ நிகழ்ச்சிக்கு வந்து தூக்கக் கலக்கத்தில் முணுமுணுத்துக்கொண்டே இருப்பாராம். கூடப் பாடிய பிராட்லி கின்கெய்ட் "நீ ஒரு கிழவன்தான்" என்கிற மாதிரி அந்தப் பெயரை வைத்துவிட்டார், ஐம்பது வருஷப் பழைய பூட்ஸ் ஒன்றையும் வாங்கிக் கொடுத்தார். ஒட்டு மீசை, கோடு போட்ட சுருக்கம், சஸ்பென்டர் என்று வேஷம் கட்டினார். ஹீ ஹா வந்தபோது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அப்புறம் மேக்கப்புக்கு வேலையே இல்லை, வேஷம் இருந்த இடத்திலேயே இருந்தது, அவர் நடந்து போய் அதற்குள் நுழைந்துகொண்டார்.

ஜன்னல் கண்ணாடியைத் துணியால் பார்த்துப் பார்த்துத் துடைப்பார், "தாத்தா, ராத்திரிக்கு என்ன சாப்பாடு?" என்று எல்லாரும் கத்துவார்கள், உடனே தலையை வெளியே நீட்டுவார், அப்போதுதான் தெரியும், ஜன்னலில் கண்ணாடியே இல்லை. பிறகு பட்டாணி, சோள ரொட்டி, கறிக் குழம்பு என்று எதுகையோடு ஒரு பட்டியல். கேட்டால் பசிக்கும். 1998 ஜனவரியில் ஓப்ரி மேடையில் வாசித்து முடித்த கையோடு பக்கவாதம் வந்தது, அடுத்த மாதம் இறந்தார். தாத்தா வேஷத்தில் அறுபது வருஷத்துக்கு மேல்.

பெரியம்மாவின் கேள்வி: அந்தத் தொப்பிக்காரம்மா விலைச்சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டாரா?

முதல் தடவை மறந்துவிட்டார், அதற்கப்புறம் வேண்டுமென்றே. தொப்பிக்கு வாங்கிய பூவில் சீட்டு தொங்கியபடியே மேடையேறிவிட்டார், ஜனம் சிரித்தது, விட்டுவிட்டார். 1 டாலர் 98 சென்ட். மின்னி பேர்ல் என்பது வேஷத்தின் பெயர். ஆளின் பெயர் சாரா ஓஃபீலியா காலி, 1912-இல் டென்னசியில் சென்டர்வில் ஊரில் வசதியான வீட்டில் பிறந்து, நாஷ்வில்லில் நல்ல கல்லூரியில் நாடகம் படித்தவர். நாடகம் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகச் சுற்றியபோது பார்த்த கிராமத்துப் பெண்களின் பேச்சையும் நடையையும் பொறுக்கியெடுத்து அந்த வேஷத்தை உண்டாக்கினார். 1940-இல் ஓப்ரிக்கு வந்துவிட்டார். "ஹௌ-டீஈ!" என்று இழுத்துக் கத்தினால் கூட்டம் அதையே திருப்பிக் கத்தும். மின்னியின் ஊர் என்று அவர் சொல்லும் கிரைண்டர்ஸ் ஸ்விட்ச், சென்டர்வில் பக்கத்தில் ரயில் தண்டவாளம் பிரிகிற ஓர் இடம், அவ்வளவுதான். மின்னி மாப்பிள்ளை கிடைக்காமல் அலைகிறவள். ஆனால் அவள் யாரையும் குத்திப் பேசமாட்டாள், அடி எல்லாம் தன் மேலேயே விழுகிற மாதிரி பார்த்துக்கொள்வாள். எனக்கு இந்தக் கோஷ்டியிலேயே மிகவும் பிடித்த நடிப்பு அது.

அந்தக் குண்டு ஆள் வசனத்தை மறக்கிறாரே, அது நடிப்பா?

ஜூனியர் சாம்பிள்ஸ். இல்லை, நிஜம். ஜார்ஜியா மாநிலத்தில் கம்மிங் என்ற ஊர்க்காரர், மர அறுவை மில்லில் வேலை செய்தவர், பள்ளிக்கூடத்தை ஆறாவதோடு விட்டவர். தான் ஒரு ராட்சத மீனைப் பிடித்ததாக இவர் விட்ட ரீலை யாரோ டேப்பில் பிடிக்க, அது 1967-இல் ரெக்கார்டாகவே வெளிவந்துவிட்டது. அப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தார். வசனம் எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்தால் தடுமாறுவார், வார்த்தையைக் கடித்துத் துப்புவார், நடுவில் தானே சிரித்துவிடுவார். வேறு நிகழ்ச்சியாக இருந்தால் 'கட்' சொல்லி மறுபடி எடுத்திருப்பார்கள். இங்கே அந்தத் தடுமாற்றத்தையே போட்டார்கள், ஜோக்கைவிட அதற்குத்தான் சிரிப்பு.

பழைய கார் விற்பவராக வந்து பிஆர்-549 என்று போன் நம்பர் எழுதிய அட்டையைக் காட்டுவார், பாதி நேரம் அதையும் ஒழுங்காகச் சொல்ல வராது. அந்த நம்பர் அமெரிக்காவில் பழமொழி மாதிரி ஆகி, 1990களில் நாஷ்வில்லில் ஒரு இளவட்ட இசைக்குழு அதையே தன் பெயராக வைத்துக்கொண்டது. ஜூனியர் 1983-இல் இறந்தார். படிக்கத் தடுமாறும் மனுஷனைப் பார்த்துச் சிரிப்பதா என்ற சங்கடம் எனக்கும் இருந்தது, ஆனால் வீடியோவைப் பாருங்கள், அங்கே முதலில் சிரிப்பவர் அவர்தான்.

முடிவெட்டும் கடையில் கதை சொல்பவர்?

ஆர்ச்சி கேம்ப்பெல். இவர் ஜூனியருக்கு நேர் எதிர், ஒரு எழுத்துகூடப் பிசகாது. வந்தது எழுத்தாளராகவும்தான். வார்த்தைகளின் முதல் எழுத்துகளை இடம் மாற்றிப் போட்டு சிண்டரெல்லா கதையை 'ரிண்டர்செல்லா' என்று மூச்சுவிடாமல் சொல்லுவார். நம் பாஷையில் 'காலை வெயில்' என்பதை 'வாலை கெயில்' என்று சொல்லிப் பாருங்கள், இரண்டு வாக்கியத்துக்கு மேல் நாக்கு ஒத்துழைக்காது. அவர் முழுக் கதையையும் சொல்லுவார்.

கடை ஸீனில் இன்னொரு விளையாட்டு. நடந்ததைச் சொல்லுவார், எதிரில் இருப்பவர் "அடடா, நல்லது" என்பார், "இல்லை, கெட்டது" என்று அடுத்ததைச் சொல்லுவார், "ஐயோ, கெட்டது" என்றால் "இல்லை, நல்லது". அப்புறம் கையில் அரிவாளோடு நின்று காதலி விட்டுப்போன சோகத்தைப் பாடுவார், முதுகைக் காட்டி நிற்கும் பெரிய பாடகர் எவராவது கடைசி வரிக்குத் திரும்பி, இருவருமாக நாக்கைத் துருத்தி 'ப்ஃப்ஃப்ட்' என்று எச்சில் தெறிக்க ஊதுவார்கள். எவ்வளவு பெரிய நட்சத்திரம் வந்தாலும் அதைச் செய்தாக வேண்டும்.

தொடையில் தட்டிக்கொண்டு, விக்கல் வந்த மாதிரி ஒருவர் சத்தம் போடுகிறாரே, அது என்ன கலை?

இதைக் கேட்ட தம்பிக்கு நன்றி. தொடையிலும் மார்பிலும் தாளம் தட்டுபவர் ஜாக்கி ஃபெல்ப்ஸ், அதற்கு ஹாம்போன் என்று பெயர். தட்ட முரசு இல்லாத அடிமைகள் உடம்பையே முரசாக்கிய மரபிலிருந்து வந்தது. பக்கத்தில் மூச்சை உள்ளே இழுத்தும் வெளியே விட்டும் விக்கல், உறுமல், கோழிச் சத்தம் எல்லாம் கலந்து தாளத்துக்குள் நிறுத்துபவர் ஜிம்மி ரிடில், அது ஈஃபிங். ரிடில் சும்மா ஆள் இல்லை, ஓப்ரியின் பெரிய தலை ராய் அகஃப் குழுவில் பல வருஷம் ஹார்மோனிகா வாசித்தவர். நம்மில் கொன்னக்கோல் கேட்டுப் பழகியவர்கள் கண்ணை மூடிக் கேளுங்கள், சிரிப்பு நின்று கணக்கு காதில் விழும்.

ஸ்ட்ரிங்பீன் என்பவரைக் கொன்றுவிட்டார்கள் என்று படித்தேன், உண்மையா?

உண்மை. எழுதவே கஷ்டமாக இருக்கிறது. நிஜப் பெயர் டேவிட் ஏக்மன், ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பார். சட்டை முழங்கால் வரை தொங்கும், அதற்குக் கீழே குட்டிப் பேன்ட், பெல்ட் முழங்காலில். பார்த்தால் உடம்பு இரண்டடி நீண்ட மாதிரி இருக்கும். சோளக்காட்டில் சோளக்கொல்லைப் பொம்மையாக நிற்பார். வீட்டிலிருந்து வந்த கடிதம் என்று நெஞ்சுப் பக்கம் வைத்திருப்பதாகச் சொல்லி எல்லாப் பையிலும் தேடுவார். இந்தக் கோமாளிதான் 1940களில் பில் மன்றோ குழுவில் பேஞ்சோ வாசித்தவர். எர்ல் ஸ்க்ரக்ஸ் அந்தக் குழுவுக்கு வந்து உலகப் புகழ் அடைவதற்கு முன் அந்த இடத்தில் இருந்தவர் இவர்.

1930களின் பஞ்ச காலத்தைப் பார்த்தவர் என்பதால் வங்கியை நம்பமாட்டார். சின்ன மரவீட்டில் வாழ்ந்தார், ஒரே ஆடம்பரம் கேடிலாக் கார், அதையும் மனைவி எஸ்டெல்தான் ஓட்டுவார், இவருக்கு ஓட்டத் தெரியாது. வீட்டில் பணம் பதுக்கியிருக்கிறார் என்று ஊரில் பேச்சு பரவிவிட்டது. 1973 நவம்பர் 10, சனிக்கிழமை, ஓப்ரியில் வாசித்துவிட்டு வீடு திரும்பியபோது உள்ளே இரண்டு திருடர்கள் காத்திருந்தார்கள், ஒருவருக்கொருவர் சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் மாதிரி உறவு. ஸ்ட்ரிங்பீனையும் எஸ்டெல்லையும் சுட்டுக் கொன்றார்கள். மறுநாள் காலை வேட்டைக்குப் போகலாம் என்று வந்த கிராண்ட்பா ஜோன்ஸ்தான் உடல்களைப் பார்த்தார். கொலைகாரர்கள் தேடிய பெரிய பணம் அவர்களுக்குக் கிடைக்கவேயில்லை. 1996-இல் அந்த வீட்டின் புகைபோக்கிச் செங்கல் ஒன்றுக்குப் பின்னால் சுமார் 20,000 டாலர் இருந்தது, எலி அரித்துத் தூளாக.

பெண்களைச் சும்மா அழகுக்கு நிறுத்தியிருக்கிறார்களே?

கணிசமாக, ஆமாம். 'ஹீ ஹா ஹனீஸ்' என்று பெயர் வைத்து, குட்டை உடுப்பு போட்டு வேலியோரம் நிறுத்தினார்கள். அதற்கு நான் சப்பைக்கட்டு கட்டப் போவதில்லை. ஆனால் அங்கேயே ரோனி ஸ்டோன்மனும் இருந்தார். முடிசுருட்டி மாட்டிய தலை, தேய்க்க வேண்டிய துணிக் குவியல், சோம்பேறிப் புருஷனோடு ஓயாத சண்டை, ஐடா லீ நாகர் என்ற பாத்திரம். புருஷன் கோர்டி டாப். ரோனியின் அப்பா எர்னஸ்ட் ஸ்டோன்மன் 1920களிலேயே ரெக்கார்டு கொடுத்தவர், குடும்பத்தில் பிறந்த பிள்ளைகள் 23. அந்த வீட்டுப் பெண் 1957-இல் புளூகிராஸ் பேஞ்சோ வாசித்துப் பதிவு செய்தார், பெண்களில் அவர்தான் முதல். வேகமாக மூன்று விரலால் வாசிக்கும் பாணி, ஆண்களின் ஆட்டம் என்று எழுதிவைத்திருந்த இடம். இஸ்திரிப் பலகையை ஓரமாகத் தள்ளிவிட்டு பேஞ்சோவை எடுத்தார் என்றால் ஐடா லீ காணாமல் போய்விடுவாள்.

லூலு ரோமனையும் சொல்ல வேண்டும். டாலஸில் அநாதை இல்லத்தில் வளர்ந்தவர், பருமனை வைத்தே ஜோக் பண்ணப்பட்டவர். போதைப் பழக்கத்தில் சிக்கிக் கைதாகி, நிகழ்ச்சியை விட்டுப் போய், மதத்தின் பக்கம் திரும்பி, மறுபடி வந்தார். வந்தபின் அவரைப் பக்திப் பாட்டுப் பாட விட்டார்கள், அந்தக் குரலை யாரும் எதிர்பார்க்கவில்லை. 2025-இல் இறந்தார்.

இத்தனை பேரை வாராவாரம் எப்படி ஒன்றுசேர்த்தார்கள்?

சேர்க்கவேயில்லை. வருஷத்துக்கு இரண்டே தடவை, சில வாரங்கள், நாஷ்வில்லில் கூடுவார்கள். சோளக்காட்டு ஜோக்குகள் அத்தனையையும் சேர்த்து எடுத்துவிடுவது, அடுத்து முடிவெட்டும் கடை மொத்தத்தையும், அடுத்து தாத்தாவின் ஜன்னல். பிறகு துண்டு துண்டாக வெட்டி எபிசோடுகளில் தூவிவிடுவார்கள். பக்கும் ராயும் ஒரு பருவத்துக்கான 'வாசிக்கிறேன், இளிக்கிறேன்' எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடிப்பார்கள். பார்ப்பவருக்கு எல்லாரும் ஒரே வீட்டுத் திண்ணையில் இருக்கிற மாதிரி தோன்றும். இதைக் கடைசிவரை கட்டி மேய்த்தவர் தயாரிப்பாளர் சாம் லவுல்லோ. இந்த ஏற்பாட்டால்தான் ஊர் ஊராகக் கச்சேரி செய்பவர்களால் இதையும் சேர்த்துச் செய்ய முடிந்தது.

சிரிப்புச் சத்தம்? டப்பாச் சிரிப்பு. எதிரில் ஆடியன்ஸ் கிடையாது.

பின்னணி வாத்தியக்காரர்கள் யாராவது தெரிந்தவர்களா?

இசை இயக்குநர் சார்லி மெக்காய், ஹார்மோனிகாக்காரர். பாப் டிலனின் 'டெசொலேஷன் ரோ'வில் பின்னணியில் ஒரு கிட்டார் பின்னிக்கொண்டே போகுமே, அது இவர். இது போதும் என்று நினைக்கிறேன்.

நன்றாக ஓடியதை சிபிஎஸ் ஏன் நிறுத்தியது?

1971-இல் தூக்கினார்கள், அப்போது முதல் 20 நிகழ்ச்சிகளுக்குள் இருந்தது. பார்ப்பவர்கள் இருந்தார்கள், ஆனால் 'சரியான' ஆட்கள் இல்லை. விளம்பரக்காரர்களுக்கு நகரத்து இளசுகள் வேண்டும், இதைப் பார்த்ததோ கிராமத்திலும் சிற்றூரிலும் இருந்த வயசானவர்கள். அதே வீச்சில் பெவர்லி ஹில்பில்லிஸ், கிரீன் ஏக்கர்ஸ் என்று வயல் வாசனை அடித்த எல்லாமே போயின.

தயாரிப்பாளர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை. அதே வருஷம், மாலை நேரத்தில் கொஞ்சத்தை உள்ளூர் நிலையங்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று அரசு விதி அமலுக்கு வந்தது. நிலையங்கள் எதைப் போடுவது என்று முழித்தன. இவர்கள் நேராக அவர்களிடமே போய் விற்றார்கள். சேனல் விரட்டிய நிகழ்ச்சி அதற்குப்பின் இருபது வருஷம் ஓடியது. ஏபிசி சேனல் கைவிட்ட இன்னொரு இசை நிகழ்ச்சிக்காரர் லாரன்ஸ் வெல்க்கும் அதையே செய்தார். இந்த இரண்டையும் வைத்து ராய் கிளார்க் 1972-இல் ஒரு கேலிப் பாட்டே பாடி ஹிட்டாக்கினார்.

பக் ஓவன்ஸ் ஏன் விலகினார்?

1986 வரை இருந்தார். சில வாரம் வேலை, கை நிறையக் காசு, அதனால்தான் இருந்தேன் என்று பிற்காலத்தில் ஒளிக்காமல் சொன்னார். ஆனால் வாராவாரம் வீட்டுக்குள் வந்து அசட்டுச் சிரிப்பு சிரிக்கும் ஆளின் ரெக்கார்டை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? விற்பனை இறங்கியது. இன்னொன்றும் நடந்தது, என் கணக்கில் அதுதான் பெரிய அடி: 1974 ஜூலையில் அவர் குழுவின் கிட்டாரும் இரண்டாம் குரலுமான டான் ரிச் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தார். பக்கின் பாட்டில் நமக்குப் பிடித்தது என்று எதைச் சொன்னாலும் அதில் பாதி டான் ரிச். ஒரு தலைமுறைக்கு பக் ஓவன்ஸ் என்றால் சோளக்காட்டுக் கோமாளி மட்டுமே. 1988-இல் டுவைட் யோக்கம் என்ற இளம் பாடகர் தேடிப்போய்ச் சேர்ந்து பாட, அது முதலிடத்துக்குப் போன பிறகுதான் அவர் யார் என்று ஜனங்களுக்கு மறுபடி ஞாபகம் வந்தது. 2006 மார்ச்சில், பேக்கர்ஸ்ஃபீல்டில் தன் சொந்த அரங்கில் பாடிவிட்டுப் போய்ப் படுத்தவர், அந்த இரவே தூக்கத்தில் இறந்தார்.

கறுப்பினப் பாடகர்கள் யாரும் வரவில்லையா?

வந்தார்கள், முதல் நாளே. முதல் எபிசோடின் விருந்தாளிகள் லொரெட்டா லின்னும் சார்லி பிரைடும். பிரைடு மிசிசிப்பியில் பருத்திக்காட்டுக் குடும்பத்தில் பிறந்து கன்ட்ரி உச்சிக்கு வந்த கறுப்பினப் பாடகர். ரே சார்ல்ஸும் வந்து பாடியிருக்கிறார். ஆனால் நிரந்தரக் கோஷ்டியைப் பார்த்தால் வெள்ளைமயம்தான், பேஞ்சோ யாருடைய வாத்தியம் என்பதை யோசித்தால் அது கண்ணை உறுத்தும்.

கிராமத்து ஆட்களைக் கேவலப்படுத்துகிற நிகழ்ச்சி இல்லையா இது?

சித்தப்பா கேட்டது, நியாயமான கேள்வி. நியூயார்க் ஆட்கள் எடுத்து நியூயார்க் நடிகர்கள் நடித்திருந்தால் ஆமாம் என்பேன். இங்கே கிழிந்த ஓவரால் போட்டவர்களில் பலர் அந்த வறுமையிலிருந்தே வந்தவர்கள், ஜோக்கும் அவர்கள் அப்பா தாத்தா கூடாரக் காட்சிகளில் சொன்ன ஜோக்குதான். அதோடு ஜோக் முடிந்ததும் வாத்தியத்தைக் கையில் எடுப்பார்கள், அப்போது யார் முட்டாள் என்ற கேள்வி எழாது. கடைசியில் பக், ராய், கிராண்ட்பா ஜோன்ஸ், கென்னி பிரைஸ் நாலு பேரும் வேஷத்தை எல்லாம் விட்டுவிட்டு நின்று ஒரு தேவாலயப் பாட்டுப் பாடுவார்கள், ஜோக்கே கிடையாது. நிறையப் பேர் அதற்காகவே கடைசிவரை உட்கார்ந்திருந்தார்கள்.

1991-இல் இந்தக் கேள்விக்குத் தயாரிப்பாளர்களே பயந்துவிட்டார்கள் போல. சோளக்காடு, ஓவரால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, மால், நகரம் என்று மாற்றி, பழைய ஆட்கள் பலரை அனுப்பி, பளபளவென்று ஆக்கினார்கள். கேவலம் என்று சொன்னவர்கள் அப்போதும் பார்க்கவில்லை, பிடித்துப் பார்த்தவர்களும் போய்விட்டார்கள். ஒரு வருஷத்தில் கதை முடிந்தது.

சரி, எதிலிருந்து ஆரம்பிக்க?

முழு எபிசோடு வேண்டாம், மூன்றாவது ஜோக்கிலேயே போனைக் கீழே வைத்துவிடுவீர்கள். முதலில் ராய் கிளார்க் பிடில் அல்லது பேஞ்சோ வாசிக்கும் எதுவாவது. அடுத்து ரோனி. ஜூனியரின் கார் விளம்பரம் இரண்டு நிமிஷம்தான். அப்புறம் கிராண்ட்பா ஜோன்ஸும் அவர் மனைவி ரமோனாவும் கையிலும் காலிலும் மணிகளைக் கட்டிக்கொண்டு, உதறி உதறியே ஒரு முழுப் பாட்டை வாசிக்கும் வீடியோ ஒன்று உண்டு, ஆளுக்குச் சில ஸ்வரம், ஒருவர் அரை நொடி தாமதித்தாலும் மெட்டு ஓட்டையாகிவிடும். பெரியம்மாவுக்கு அதைத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.